இரண்டு இடத்தில் வேலை, ஒரே பான்: வரிப் பிடித்தத்தை நாமே சரிசெய்வது எப்படி

பகலில் ராமநாதபுரத்தில் ஒரு தனியார் மருத்துவமனையில் டூட்டி டாக்டர், இரவில் கீழக்கரையில் இன்னொன்றில். மண்டபத்தில் இறால் ஏற்றுமதிக் கம்பெனியில் கணக்கு, சாயங்காலம் ராமேஸ்வரத்து லாட்ஜில் வரவு செலவு. வாரநாளில் கல்லூரி, சனி ஞாயிறு கோச்சிங் சென்டர். இந்தக் கரையில் இப்படி இரண்டு இடத்தில் சம்பளம் வாங்குகிறவர்கள் ஜூலையில் ரிட்டர்ன் போட உட்காரும்போது கேட்கிற கேள்வி இரண்டுதான். "ரெண்டு இடத்துலயும் வரி வராதுன்னுதானே சொன்னாங்க, இப்ப எழுபத்தெட்டாயிரம் எங்கேருந்து வந்துச்சு?" என்பது ஒன்று. "வரியே வராத வருமானத்துக்கு ஏன் இருபத்து நாலாயிரம் பிடிச்சாங்க?" என்பது மற்றொன்று.

இரண்டுக்கும் காரணம் ஒன்றே. ஒவ்வொரு நிறுவனமும் தான் கொடுக்கும் பணத்தை மட்டும் வைத்து வரி போடுகிறது. அடுத்த இடத்தில் நீங்கள் என்ன வாங்குகிறீர்கள் என்று அதற்குத் தெரியாது. நீங்கள் சொல்லாதவரை தெரிந்துகொள்ள வேண்டிய கடமையும் அதற்கு இல்லை. இரண்டையும் கூட்டிப் பார்க்கிற வேலை வருஷம் முழுக்க உங்களுடையது. வருமான வரித்துறை கூட்டுவது ரிட்டர்ன் வந்த பிறகுதான், அதையும் வட்டியோடு கூட்டும்.

கீழே உள்ள கணக்குகள் எல்லாம் 2025-26 நிதியாண்டுக்கு, புதிய வரி முறையில் போட்டவை. 2026 ஏப்ரல் 1 முதல் 1961ஆம் ஆண்டுச் சட்டம் போய் வருமான வரிச் சட்டம் 2025 வந்திருக்கிறது. சம்பளப் பிடித்தம் 192ஆம் பிரிவிலிருந்து 392க்குப் போய்விட்டது. மற்ற பிடித்தங்கள் பெரும்பாலும் 393க்குள் அடங்கிவிட்டன. படிவ எண்களும் மாறுகின்றன; கீழே வருபவை பழைய சட்டத்து எண்கள். அதனால் அலுவலகத்தில் கேட்கும்போது எண்ணை மட்டும் சொல்லாமல் "இன்னொரு இடத்துச் சம்பளத்தைத் தெரிவிக்கிற படிவம்" என்று விஷயத்தையும் சேர்த்துச் சொல்லுங்கள். ஒவ்வொரு நிறுவனமும் தனித்தனியாகப் பார்ப்பதால் வரும் சிக்கல் புதிய சட்டத்திலும் அப்படியேதான் இருக்கிறது.

குறைவாகப் பிடிப்பது எப்படி நடக்கிறது

அந்த டூட்டி டாக்டரையே எடுத்துக்கொள்வோம். ராமநாதபுரத்தில் மாதம் 60,000, ஆண்டுக்கு 7,20,000. கீழக்கரையில் மாதம் 55,000, ஆண்டுக்கு 6,60,000.

ராமநாதபுரம் மருத்துவமனை 7,20,000இல் நிலைக்கழிவு 75,000ஐக் கழிக்கும். மீதி 6,45,000. முதல் 4 லட்சத்துக்கு வரி இல்லை, மீதிக்கு 5 சதவீதம், ஆக 12,250. மொத்த வருமானம் 12 லட்சத்துக்குள் என்பதால் 87ஏ பிரிவுத் தள்ளுபடியில் அதுவும் போய்விடும். பிடித்தம் பூஜ்யம். கீழக்கரையிலும் இதே கதைதான்: 75,000 கழிவு, 4 லட்சம் விலக்கு, தள்ளுபடி, பூஜ்யம். இரண்டு அக்கவுண்டன்ட்டும் செய்தது சரி.

ஆனால் உங்கள் பான் ஒன்றுதான். அதற்கு 75,000 ஒரு தடவை, 4 லட்சம் விலக்கு ஒரு தடவை, தள்ளுபடியும் ஒரு தடவை. மொத்தச் சம்பளம் 13,80,000. 75,000 போக 13,05,000. 4 முதல் 8 லட்சம் வரை 5 சதவீதத்தில் 20,000. 8 முதல் 12 வரை 10 சதவீதத்தில் 40,000. மிச்சம் 1,05,000க்கு 15 சதவீதத்தில் 15,750. ஆக 75,750, அதன் மேல் 4 சதவீத செஸ் 3,030. மொத்தம் ரூ.78,780. 12 லட்சத்தைத் தாண்டியதால் தள்ளுபடி கிடையாது.

வருஷம் முழுக்க ஒன்றுமே கட்டாமல் ஜூலையில் கட்டினால் இரண்டு வட்டி சேரும். வருஷத்துக்குள்ளேயே கட்ட வேண்டிய முன்வரியைக் கட்டாததற்கு 234பி: ஏப்ரல் முதல் ஜூலை வரை நான்கு மாதம், மாதம் 1 சதவீதம், ரூ.3,148. 234சி: அந்த முன்வரியின் நான்கு தவணைகளையும் விட்டதற்கு 354 + 1,062 + 1,770 + 787, ஆக ரூ.3,973. வட்டி மட்டுமே ஏழாயிரத்துக்கு மேல். வட்டிக் கணக்கில் தொகையில் நூறுக்குக் குறைந்த மிச்சத்தை விட்டுவிடுவார்கள். அதனால் உங்கள் கால்குலேட்டரில் ஓரிரு ரூபாய் வித்தியாசம் வரும்.

முதல் வேலை: கூட்டிப் பார்ப்பது

ஒரு வெள்ளைத்தாள் போதும். இரண்டு இடத்து மொத்தச் சம்பளத்தையும் எழுதுங்கள். கைக்கு வரும் தொகை வேண்டாம். பே ஸ்லிப்பில் பி.எஃப். பிடிப்பதற்கு முன்பு உள்ள தொகை வேண்டும். போனஸ், லாட்ஜில் சீசனுக்குக் கொடுக்கும் கூடுதல் பணம், ஓவர்டைம் எல்லாம் சேர வேண்டும். மாதச் சம்பளத்தைப் பன்னிரண்டால் பெருக்குவது இங்கே பலருக்குச் சரிவராது. விசைப்படகுத் தடைக்காலம் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள். அந்த மாதங்களில் மீன் கம்பெனிகளில் ஓவர்டைம் குறைவு, சில இடத்தில் பாதிச் சம்பளம். ஏப்ரல் சம்பளத்தை வைத்து ஆண்டு வருமானத்தை ஊகிக்கிற கம்பெனி ஆரம்பத்தில் குறைவாகப் பிடித்துவிட்டு, ஜனவரி முதல் மார்ச்சுக்குள் மொத்தத்தையும் இழுக்கும். ஆகவே நீங்கள் கூட்டும்போது போன வருஷத்துப் பாஸ்புக்கை வைத்துக்கொண்டு மாதம் மாதமாகக் கூட்டுங்கள்.

பிறகு வங்கி வட்டி, வாடகை போன்றவற்றைச் சேருங்கள். வருமானம் சம்பளம் மட்டும்தான், இரண்டும் சேர்ந்து 12,75,000க்குள் என்றால் புதிய முறையில் வரியே இல்லை; குறைவாகப் பிடித்துவிட்டார்களோ என்ற கவலையும் வேண்டாம். 12,75,000ஐக் கொஞ்சம் தாண்டினால் ஒரு விசித்திரம் உண்டு. வரிக்குரிய வருமானம் 12,10,000 என்றால் அடுக்குப்படி வரி 61,500. ஆனால் 12 லட்சத்துக்கு மேல் சம்பாதித்ததே 10,000தான் என்பதால் வரியும் 10,000க்கு மேல் போகாது, செஸ்ஸோடு 10,400. இந்தச் சலுகை வரிக்குரிய வருமானம் ஏறத்தாழ 12,70,000 ஆகும் வரை நீள்கிறது. அதாவது அந்த இடைவெளிக்குள் கூடுதலாகச் சம்பாதிக்கும் ஒவ்வொரு ரூபாயும் முழுசாக வரிக்கே போகிறது. ராத்திரி டூட்டியைக் கூட்டுவதா வேண்டாமா என்று யோசிக்கிறவர்கள் இதைக் கவனிக்கலாம்.

ரொக்கமாக வாங்கும் சம்பளமும் இந்தத் தாளில் வர வேண்டும். லாட்ஜ்காரர் ஃபார்ம் 16 (ஆண்டுச் சம்பளத்தையும் பிடித்த வரியையும் காட்டும் சான்றிதழ்) தரவில்லை, வவுச்சரில் கையெழுத்து மட்டும் வாங்கினார் என்பதால் அது வரிக்கு வெளியே போய்விடாது.

இன்னொரு தவறான நம்பிக்கையும் இந்தக் கரையில் உண்டு: மீன், கருவாடு, உப்பு எல்லாம் விவசாயம் போலத்தான், வரி இல்லை என்பது. கடல் மீன்பிடியும் உப்பளமும் விவசாய வருமானம் அல்ல. தென்னந்தோப்பும் முண்டு மிளகாய்க் காடும் விவசாயம்தான், அதற்கு வரி விலக்கு உண்டு. ஆனால் அந்த விவசாய வருமானம் ஆண்டுக்கு 5,000ஐத் தாண்டினால் ஐ.டி.ஆர்.-1 என்ற எளிய ரிட்டர்ன் படிவத்தைப் போட முடியாது. தொகை பெரிதாக இருந்தால் சம்பளத்தின் மேல் விழும் வரியையும் அது ஏற்றிவிடும்.

ஃபார்ம் 12பி: ஒரே இடத்தில் பிடிக்க வைப்பது

இரண்டுமே சம்பளம் என்றால் சுத்தமான வழி இதுதான். 192(2) பிரிவின்படி, ஒரே சமயத்தில் இரண்டு இடத்தில் வேலை பார்ப்பவர் அவற்றில் ஒன்றைத் தேர்ந்தெடுத்து அடுத்த இடத்துச் சம்பள விவரத்தைத் தரலாம். நடு வருஷத்தில் வேலை மாறியவருக்கும் இதே படிவம்தான். ஜூனில் பள்ளி மாறிய ஆசிரியருக்குப் பழைய பள்ளியின் ஏப்ரல், மே சம்பளம் இதில் வரும்.

படிவத்தில் எழுத வேண்டியவை: அடுத்த நிறுவனத்தின் பெயர், முகவரி, டான் (வரி பிடிக்கும் நிறுவனத்துக்கான எண்), பான், நீங்கள் இந்தியாவில் வசிப்பவரா என்பது, எந்தத் தேதி முதல் எந்தத் தேதி வரை, சம்பளம், படிகள், சம்பளம் தவிர அங்கே கிடைக்கும் சலுகைகளின் மதிப்பு, பி.எஃப். போன்ற கழிவுகள், ஏற்கெனவே பிடித்த வரி. டான் எண் பே ஸ்லிப்பில் பெரும்பாலும் இருக்காது. போன வருஷத்து ஃபார்ம் 16இல் இருக்கும், இல்லாவிட்டால் அக்கவுண்ட்ஸில் கேளுங்கள். நான்கு எழுத்து, ஐந்து எண், கடைசியில் ஓர் எழுத்து.

எந்த நிறுவனத்திடம் கொடுப்பது? மார்ச் வரை உறுதியாக இருக்கப்போகும் வேலை, ஒழுங்காகக் காலாண்டுக் கணக்குத் தாக்கல் செய்யும் அலுவலகம், அங்கே வாங்கும் சம்பளம் பிடித்தத்தைத் தாங்க வேண்டும். இந்த மூன்றும் பொருந்தும் இடத்தைப் பாருங்கள். நம் டாக்டர் ராமநாதபுரத்தில் ஏப்ரலிலேயே கொடுத்தால் அங்கே மாதம் ரூ.6,565 பிடிப்பார்கள். அக்டோபரில் கொடுத்தால் மீதி ஆறு மாதத்துக்கு மாதம் ரூ.13,130. ஜனவரியில் கொடுத்தால் மூன்று மாதம் ரூ.26,260. அறுபதாயிரத்தில் இருபத்தாறு போனால் வீட்டில் தாங்குமா என்று பார்த்துக்கொண்டு நேரத்தை முடிவுசெய்யுங்கள்.

தாமதமாகக் கொடுத்தாலும் இந்த வழிக்கு ஒரு சாதகம் இருக்கிறது, பலருக்கு இது தெரிவதில்லை. டி.டி.எஸ்.ஸாக (பணம் கொடுப்பவர் பிடித்துக் கட்டும் வரி) பிடிக்கப்பட்ட தொகை எந்த மாதத்தில் பிடிக்கப்பட்டாலும் வட்டிக் கணக்கில் முழுசாகக் கழியும். நீங்களே முன்வரியாகக் கட்டினால் ஜூன், செப்டம்பர், டிசம்பர் தவணைகளை விட்டதற்கு 234சி வட்டி விழும். அதே தொகையை நிறுவனம் பிப்ரவரி, மார்ச் சம்பளத்தில் பிடித்தால் விழாது. ஜனவரியில்தான் கணக்குப் பார்த்தீர்கள் என்றால் முதலில் 12பியை முயன்று பாருங்கள்.

தவறுவது எங்கே? இரண்டு நிறுவனத்திலும் படிவம் கொடுத்துவிடுவது ஒன்று. இரண்டு பேரும் முழு வரியைப் பிடிப்பார்கள். பிறகு ரீஃபண்டுக்குக் காத்திருக்க வேண்டும். பாதி வருஷத்தில் அடுத்த இடத்தில் சம்பளம் ஏறியதைச் சொல்லாமல் விடுவது இன்னொன்று. அக்கவுண்டன்ட் "எங்க சாஃப்ட்வேர்ல இதுக்கு இடம் இல்ல" என்று சொல்வதும் நடக்கும். நடு வருஷத்தில் சேர்ந்தவருக்குப் 'பழைய நிறுவனத்து வருமானம்' என்று ஒரு கட்டம் எந்தச் சம்பள சாஃப்ட்வேரிலும் இருக்கும். அதைக் காட்டிக் கேளுங்கள்.

இன்னொரு வேலையைச் சொல்ல முடியாத நிலையில்

12பி கொடுப்பது உங்கள் விருப்பம், கட்டாயம் அல்ல. வேலை ஒப்பந்தத்தில் வேறு இடத்தில் வேலை பார்க்கக் கூடாது என்று இருந்தால் பலர் சொல்ல மாட்டார்கள். (ஒப்பந்தத்தை மீறலாமா என்பது வேறு விஷயம். அரசுப் பணியில் இருப்பவர் அனுமதி இல்லாமல் வெளிவேலை பார்ப்பதும் அப்படியே. வரிக்கு வருமானம் மட்டுமே கணக்கு.) அப்போது நீங்களே முன்வரி, அதாவது அட்வான்ஸ் டாக்ஸ், கட்ட வேண்டும். பிடித்தம் போக மீதி வரி ஆண்டுக்கு 10,000 அல்லது அதற்கு மேல் என்றால் இது கட்டாயம். 60 வயதைத் தாண்டியவர், தொழில் வருமானம் இல்லாதவர் என்றால் விலக்கு.

தவணைகள் ஜூன் 15க்குள் 15 சதவீதம், செப்டம்பர் 15க்குள் மொத்தமாக 45, டிசம்பர் 15க்குள் 75, மார்ச் 15க்குள் 100. டாக்டரின் 78,780க்கு: ஜூனில் 11,817, செப்டம்பரில் 23,634, டிசம்பரில் 23,634, மார்ச்சில் 19,695. முதல் இரண்டு தவணைகளில் கொஞ்சம் தளர்வு உண்டு: ஜூனில் 12 சதவீதமும் செப்டம்பரில் மொத்தம் 36 சதவீதமும் எட்டிவிட்டாலே வட்டி போட மாட்டார்கள். மார்ச் 15ஐ விட்டுவிட்டாலும் மார்ச் 31க்குள் கட்டியது முன்வரியாகவே சேரும்; 90 சதவீதம் கட்டியிருந்தால் 234பி வராது.

நவம்பரில்தான் இரண்டாவது வேலையில் சேர்ந்தேன், ஜூன் தவணைக்கு எப்படித் தெரியும் என்று கேட்பது நியாயம்தான். ஆனால் அந்தச் சலுகையைச் சட்டம் மூலதன ஆதாயம், டிவிடெண்ட், முதன்முதலாகத் தொடங்கும் தொழில் வருமானம் போன்றவற்றுக்குத்தான் தருகிறது. சம்பளத்துக்கு இல்லை. எரிச்சலான விஷயம், ஆனால் அப்படித்தான்.

கட்டும் முறை: வருமான வரி இ-ஃபைலிங் தளத்தில் 'இ-பே டாக்ஸ்', பான், கைபேசி எண், ஓ.டி.பி. பிறகு 'இன்கம் டாக்ஸ்' பெட்டி, ஆண்டு, 'அட்வான்ஸ் டாக்ஸ் (100)'. தொகையை 'டாக்ஸ்' கட்டத்தில் மட்டும் போடுங்கள். செஸ், வட்டி என்று பிரித்துப் போட வேண்டியதில்லை. நெட் பேங்கிங், டெபிட் கார்டு, யு.பி.ஐ. எதிலும் கட்டலாம். தளம் தரும் சலான் எண் 15 நாள் செல்லும். பணம் போன பிறகு பி.எஸ்.ஆர். கோடும் (வங்கிக் கிளையின் எண்) சலான் வரிசை எண்ணும் உள்ள ரசீதை இறக்கி வைத்துக்கொள்ளுங்கள்.

இதில் அடிக்கடி நடக்கும் பிழை ஆண்டு. 2025-26இல் சம்பாதித்ததற்கு மதிப்பீட்டு ஆண்டு 2026-27. புதிய சட்டத்தில் மதிப்பீட்டு ஆண்டு என்ற சொல்லே இல்லை. 2026 ஏப்ரலுக்குப் பிறகு சம்பாதிப்பது 'வரி ஆண்டு 2026-27'. எண் ஒன்று, வருஷம் வேறு. ஜூலையில் பழைய வருஷத்துப் பாக்கியைக் கட்டுகிறவரும் செப்டம்பரில் புது வருஷத்து முன்வரியைக் கட்டுகிறவரும் இரண்டையும் மாற்றிப் போட வாய்ப்பு அதிகம். பாக்கிக்குத் தேர்வு 'செல்ஃப் அசெஸ்மென்ட் (300)'. தவறிப் போட்டுவிட்டால் தளத்திலேயே சலான் திருத்தம் கேட்கலாம், ஆனால் அதற்கு நாள் கெடு குறைவு. அன்றைக்கே பார்த்துவிடுங்கள்.

சம்பளமா, ஃபீஸா

இரண்டாவது இடத்தில் 10 சதவீதம் பிடித்துவிட்டுக் கொடுத்தால் அவர்கள் உங்களை ஊழியராகக் கணக்கில் வைக்கவில்லை. 194ஜேயின் கீழ் தொழில்முறைக் கட்டணம் என்று எழுதியிருக்கிறார்கள். 2025 ஏப்ரல் முதல், ஒரே நிறுவனம் ஆண்டுக்கு 50,000க்கு மேல் கொடுத்தால்தான் இந்தப் பிடித்தம். அதற்கு முன் 30,000. வரவு சிறியதாக உள்ள தனிநபர் கிளினிக்குகள் பிடிக்க வேண்டியதே இல்லை. 194சி என்று இருந்தால் ஒப்பந்த வேலை, தனிநபருக்கு 1 சதவீதம். மீன் ஏற்றுமதிக் கம்பெனி கொடுக்கும் கமிஷன் என்றால் 194எச், 2 சதவீதம், ஆண்டுக்கு 20,000க்கு மேல்.

எந்தப் பிரிவு என்பதைப் பொறுத்துக் கணக்கு தலைகீழாக மாறும். நம் டாக்டருக்குக் கீழக்கரையில் 6,60,000ம் 194ஜேயில் வந்திருந்தால் 66,000 பிடித்திருப்பார்கள். மருத்துவம் 44ஏடிஏ பிரிவின் பட்டியலில் உள்ள தொழில் என்பதால், வரவு 50 லட்சத்துக்குள் இருக்கும்வரை அதில் பாதியை மட்டும் வருமானமாகக் காட்டலாம்: 3,30,000. அதோடு ராமநாதபுரம் 6,45,000 சேர்ந்து 9,75,000. 12 லட்சத்துக்குள், வரி இல்லை, 66,000ம் ரீஃபண்ட். அதே வேலை, அதே பணம். சம்பளமாக எழுதினால் 78,780 கட்ட வேண்டும்.

அதனால் "ஃபீஸ்னு மாத்திடுங்க" என்று கேட்கத் தோன்றும். உண்மையில் உறவு எப்படி என்பதே தீர்மானிக்கும்: குறித்த நேரம், வருகைப் பதிவு, விடுப்பு, பி.எஃப்., அவர்கள் சொல்கிறபடி வேலை என்றால் அது சம்பளம். நோயாளிக்கு இவ்வளவு என்று பங்கு, நேரம் உங்கள் விருப்பம், வேறு இடங்களிலும் பார்க்கலாம் என்றால் கட்டணம். காகிதத்தில் மட்டும் மாற்றி எழுதியது விசாரணையில் நிற்காது. மறுபுறம், உண்மையில் ஊழியராக இருக்கும் ஒருவரை நிறுவனம் பி.எஃப். கட்டுவதைத் தவிர்ப்பதற்காக 194ஜேயில் போடுவதும் உண்டு. அப்போது நீங்கள் இழப்பது பி.எஃப். மட்டுமல்ல, அந்தத் தொகைக்கு 75,000 நிலைக்கழிவும் கிடையாது.

கோச்சிங் சென்டரில் வகுப்பெடுப்பவருக்கு ஓர் எச்சரிக்கை. 44ஏடிஏ பட்டியலில் மருத்துவம், சட்டம், பொறியியல், கணக்கியல், தொழில்நுட்ப ஆலோசனை போன்றவை உண்டு. பாடம் நடத்துவது இல்லை. பாதி வருமானம் என்று கண்ணை மூடிக்கொண்டு போடாமல் பயணம், புத்தகம், நகல் எடுத்த செலவுகளுக்குச் சீட்டு வைத்து உண்மையான லாபத்தைக் காட்டுங்கள்.

மொத்தத்தில் 10 சதவீதம் என்பது பாதியில் 20 சதவீதம். ஆகவே 44ஏடிஏ போடுகிறவர் 20 சதவீத அடுக்கில் இருந்தால் 194ஜே பிடித்தமும் உண்மையான வரியும் கிட்டத்தட்டச் சமன், செஸ் மட்டும் குறையும். 30 சதவீத அடுக்கில் இருப்பவருக்குப் போதாது, முன்வரி வேண்டும். 44ஏடிஏகாரர்களுக்கு அதில் ஒரு வசதி: நான்கு தவணை இல்லை, மார்ச் 15க்குள் ஒரே தடவை.

அதிகமாகப் பிடித்தவர்களுக்கு

பள்ளியில் ஆண்டுக்கு 3,60,000, கோச்சிங்கில் 2,40,000 என்று வாங்கும் ஆசிரியரிடம் கோச்சிங் சென்டர் 24,000 பிடித்துவிடும். அவருக்கு வரியே கிடையாது. பலர் உடனே 15ஜி (எனக்கு வரி வராது, பிடிக்க வேண்டாம் என்று தரும் படிவம்) கொடுக்கலாமா என்று கேட்பார்கள். முடியாது, 15ஜி வங்கி வட்டி போன்றவற்றுக்குத்தான், 194ஜேக்கும் 194சிக்கும் சம்பளத்துக்கும் செல்லாது.

இருக்கிற வழி 197ஆம் பிரிவுச் சான்றிதழ். வரித்துறையின் டி.டி.எஸ். தளமான டிரேசஸில் ஃபார்ம் 13 போட்டு, 'எனக்கு இவ்வளவுதான் வரி வரும்' என்று மதிப்பீட்டோடும் முந்தைய ஆண்டுகளின் ரிட்டர்ன் விவரத்தோடும் விண்ணப்பிக்க வேண்டும். சான்றிதழ் குறிப்பிட்ட நிறுவனத்தின் டான் எண்ணுக்கும் குறிப்பிட்ட தொகைக்கும் மட்டும், கொடுத்த தேதியிலிருந்து மட்டும் செல்லும். அதனால் ஏப்ரலிலேயே போடுங்கள். டிசம்பரில் போட்டால் பிடித்தது பிடித்ததுதான். 24,000க்காக இவ்வளவு அலைவதா என்றால், பெரும்பாலோர் ரிட்டர்ன் போட்டு ரீஃபண்ட் வாங்குவதே சுலபம். 66,000 என்றால் விண்ணப்பிக்கலாம்.

சம்பளத்தில் வரி பிடிக்கப்படுகிறவருக்கு இன்னொரு சுலபமான வழி 2024 அக்டோபரில் வந்தது: ஃபார்ம் 12பிஏஏ. வேறு எங்கே டி.டி.எஸ்., டி.சி.எஸ். (விற்பவர் நம்மிடம் வசூலிக்கும் வரி) பிடித்திருந்தாலும் அதைச் சம்பளம் கொடுப்பவரிடம் காட்டினால் அந்த அளவுக்குச் சம்பளப் பிடித்தத்தைக் குறைப்பார். டெபாசிட் வட்டியில் வங்கி பிடித்தது, உம்ராவுக்கு டூர் ஆபரேட்டரிடம் பணம் கட்டும்போது வசூலித்த டி.சி.எஸ். எல்லாம் இதில் வரும். ரீஃபண்டுக்கு அடுத்த வருஷம் வரை காத்திருக்க வேண்டாம்.

பிடித்தம் திடீரென்று 20 சதவீதமாக இருந்தால் உங்கள் பான் ஆதாரோடு இணைக்கப்படாமல் செயலிழந்திருக்கலாம், அல்லது பான் எண்ணைத் தவறாக எழுதியிருக்கலாம். முதலில் அதைப் பாருங்கள். செயலிழந்த பானுக்கு ரீஃபண்டும் வராது.

26ஏ.எஸ். பார்ப்பது

உங்கள் பானில் ஏறிய வரிப் பிடித்தங்களைக் காட்டும் இந்த அறிக்கையைக் காலாண்டுக்கு ஒரு தடவை பாருங்கள். நிறுவனங்கள் கணக்குத் தாக்கல் செய்யும் கடைசி நாள் ஜூலை 31, அக்டோபர் 31, ஜனவரி 31, மே 31. அதற்குப் பிறகுதான் 26ஏ.எஸ்.இல் ஏறும். பிப்ரவரி பிறந்ததுமே 'டிசம்பர் பிடித்தம் காணோம்' என்று சண்டைக்குப் போக வேண்டாம். ஒரு வாரம் விடுங்கள். பிப்ரவரி நடுவிலும் இல்லையென்றால் கேளுங்கள். பே ஸ்லிப்பில் பிடித்துவிட்டு அரசுக்குக் கட்டாத நிறுவனம் என்றால், 205ஆம் பிரிவின்படி அந்த வரியை உங்களிடம் மறுபடி வசூலிக்க முடியாது. ஆனால் கம்ப்யூட்டர் அனுப்பும் டிமாண்ட் நோட்டீஸ் வரத்தான் செய்யும். பிடித்தம் காட்டும் பே ஸ்லிப்பும் அதே தொகை குறைந்து வந்த வங்கிக் கணக்கும் இருந்தால்தான் பதில் போட முடியும். பே ஸ்லிப்பை மாதாமாதம் கேட்டு வாங்கி வையுங்கள்.

ரிட்டர்னில் இரண்டு ஃபார்ம் 16ஐச் சேர்ப்பது

இரண்டும் சம்பளம், வேறு சிக்கல் இல்லை, 50 லட்சத்துக்குள் என்றால் ஐ.டி.ஆர்.-1. சம்பளத்தோடு 44ஏடிஏ என்றால் ஐ.டி.ஆர்.-4. உண்மைச் செலவு காட்டும் தொழில் வருமானம் என்றால் ஐ.டி.ஆர்.-3.

ஃபார்ம் 16 ஜூன் 15க்குள் வர வேண்டும். இரண்டையும் கையில் வைத்துக்கொண்டு, கடைசி வரியில் உள்ள 'வரிக்குரிய வருமானம்' என்ற எண்களைக் கூட்டாதீர்கள். ஒவ்வொன்றிலும் 75,000 ஏற்கெனவே கழிக்கப்பட்டிருக்கும். கூட்டினால் ஒன்றரை லட்சம் கழிந்துவிடும். பகுதி பியில் முதலில் வரும் மொத்தச் சம்பளத்தை இரண்டிலிருந்தும் எடுத்துக் கூட்டி, 75,000ஐ ஒரே தடவை கழியுங்கள். வரி பிடிக்காத நிறுவனம் ஃபார்ம் 16 தர மறுக்கலாம். பன்னிரண்டு பே ஸ்லிப்பை வைத்துக் கூட்டுங்கள். தளம் தானாக நிரப்பும் தொகையில் ஒரு நிறுவனம் விடுபட்டிருந்தால் நீங்களே சேர்க்க வேண்டும். துறையின் ஆண்டுத் தகவல் அறிக்கையான ஏ.ஐ.எஸ்.இல் பின்னால் ஏறும், அப்போது துறைக்குத் தெரியும்.

பழைய முறையைத் தேர்ந்தவர்களுக்கு இதே போல இரண்டு கண்ணிகள். ஒரே எல்.ஐ.சி. ரசீதை இரண்டு இடத்திலும் கொடுத்தால் 80சியில் இரண்டு நிறுவனமும் ஒன்றரை லட்சம் கழித்திருக்கும். உங்களுக்கு மொத்தமே ஒன்றரை லட்சம்தான். ஒரே வீட்டு வாடகைக்கு எச்.ஆர்.ஏ. விலக்கும் அப்படி இரட்டிப்பாகியிருக்கும்.

ரிட்டர்ன் போட்டபின் 30 நாளுக்குள் இ-வெரிஃபை செய்யாவிட்டால் ரீஃபண்ட் நகராது. போன வருஷங்களில் இரண்டாவது சம்பளத்தைக் காட்டாமல் விட்டவர்கள் ஐ.டி.ஆர்.-யு என்ற புதுப்பித்த ரிட்டர்ன் போடலாம். மதிப்பீட்டு ஆண்டு முடிந்து நான்கு வருஷம் வரை அவகாசம். முதல் வருஷத்துக்குள் என்றால் வரி, வட்டியின் மேல் 25 சதவீதம் கூடுதல், இரண்டாம் வருஷத்தில் 50, பிறகு 60, 70.

இதோடு சேராத ஒரு சிறு பிடித்தம் தொழில் வரி. அரையாண்டுக்கு ஒரு முறை நகராட்சிக்கோ பேரூராட்சிக்கோ போவது. இரண்டு வேலையும் ஒரே நகராட்சி எல்லைக்குள் இருந்தால் இரண்டு நிறுவனமும் தனித்தனியாகப் பிடிக்கும். ஒருவரிடம் ஓர் உள்ளாட்சி ஆண்டுக்கு 2,500க்கு மேல் வாங்க முடியாது என்பது அரசியல் சட்டத்தின் 276ஆம் பிரிவு. முதல் நிறுவனம் கட்டிய ரசீதின் நகலை, அந்த அரையாண்டுப் பிடித்தம் போடுவதற்கு முன் அடுத்த நிறுவனத்தின் அக்கவுண்ட்ஸில் கொடுத்துவிடுங்கள்.